ஓய்வுபெற்ற விமானத்தின் மேல் காகம் ஏன் அஞ்சாமல் உட்காருகிறது?

கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியுள்ள மீனவர் குப்பங்களில் கருவாடு காயும் இடங்களைக் கவனித்தால் ஒரு புதிர் கண்ணில் படும். கையை ஓங்கினாலே எழுந்து பறந்துவிடும் காகம், காற்றில் படபடக்கும் கறுப்புத் துணியையோ கயிற்றில் சுழலும் பழைய குறுந்தகட்டையோ சில நாட்களுக்குப் பிறகு பொருட்படுத்துவதில்லை. கொல்லையில் நட்ட வைக்கோல் பொம்மையின் தலைமேலேயே அது வந்து உட்காரும். அதே பறவை, அதே கண், அதே மூளை. ஒன்றுக்கு அஞ்சுகிறது, மற்றொன்றுக்கு அஞ்சுவதில்லை. எது அதைப் பிரித்துப் பார்க்க வைக்கிறது? கருவாட்டைக் காப்பதோடு இந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை. பல டன் எடையுள்ள, ஒரு காலத்தில் கடலுக்கு மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்த விமானங்களைக் காட்சிப்பொருளாகத் திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான். அவற்றின் வால் மேல் காகமும் பருந்தும், இறக்கை மடிப்புகளில் மைனாவும், சக்கரக் குழிகளில் புறாவும் குடியேறி, சில மாதங்களில் வெள்ளைக் கோடுகளால் உடலை நிரப்பிவிடுகின்றன.

இந்தக் கவலை ஏட்டளவில் உள்ளது அல்ல. அரக்கோணத்தின் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறந்த டியூ-142 என்ற ரஷ்யத் தயாரிப்பு விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். 1988-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த இந்த வகை விமானங்கள், நீர்மூழ்கிகளைத் தேடி வங்கக் கடலையும் இந்தியப் பெருங்கடலையும் சுற்றிவந்தன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை உந்திகள், ஏறத்தாழ 50 மீட்டர் இறக்கை அகலம். 2017 மார்ச் 29 அன்று ராஜாளி தளத்தில் அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். அவற்றில் ஒன்று விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அதே ஆண்டு டிசம்பரில் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று கடற்காற்று நேராக வீசும் இடத்தில் நின்று பார்வையாளர்களை வரவேற்கிறது. கோவாவின் போக்மாலோவில் 1998-இல் திறக்கப்பட்ட கடற்படை விமான அருங்காட்சியகத்திலும் பழைய விமானங்கள் வெட்டவெளியில்தான் நிற்கின்றன. இப்படி நிற்கும் இயந்திரத்தைப் பழைய இரும்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் நிறுத்தப்பட்டிருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்கள் மாணவர் அப்துல் கலாமை எவ்வளவு ஈர்த்தன என்பதை அவரே தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஒரு மாணவனின் வாழ்க்கைத் திசையை மாற்றக்கூடிய பொருளைப் பறவை எச்சத்தில் அரிக்கவிடுவது பெரிய இழப்பு. அதைத் தடுக்க நாம் இப்போது செய்வதில் பெரும்பகுதி தவறான திசையில் போகிறது என்பதே என் வாதம். பறவையை விரட்டப் பார்க்கிறோம். செய்ய வேண்டியது, அதற்கு இடம் இல்லாமல் செய்வது.

முதலில் எச்சத்தையே புரிந்துகொள்ள வேண்டும். பறவை எச்சத்தில் இரண்டு நிறங்கள் இருப்பதைப் பார்த்திருப்போம். நடுவில் உள்ள கரும்பச்சை அல்லது பழுப்புப் பகுதி செரித்த உணவின் கழிவு. சுற்றியுள்ள வெள்ளைப் பசை சிறுநீரகத்திலிருந்து வருவது. நம் உடல் புரதத்தைச் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனை யூரியாவாக்கி, நிறைய நீரில் கரைத்து வெளியேற்றுகிறது. பறவை அதை யூரிக் அமிலமாகவும் அதன் உப்புகளாகவும் மாற்றுகிறது. யூரிக் அமிலம் நீரில் அநேகமாகக் கரையாது. அதனால் மிகக் குறைந்த நீரோடு, பசையாகவே வெளியேற்றிவிட முடிகிறது. சுமந்து பறக்க வேண்டிய நீரின் எடை மிச்சம். இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டுக்குள் அடைபட்ட முட்டையில் வளரும் குஞ்சின் கழிவு வெளியேற வழியில்லை. யூரியாவாக இருந்தால் முட்டையின் நீரில் கரைந்து குஞ்சையே நஞ்சாக்கும். கரையாத திடப்பொருளாக ஓரமாகப் படிந்துவிட்டால் தொல்லையில்லை. பறவைக்கு உயிர் காக்கும் இந்தப் பண்புதான் நமக்குச் சிக்கல்: கரையாத பொருளை மழை எளிதில் கழுவிவிடாது. எச்சம் தன்னளவில் கெட்ட பொருள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேடந்தாங்கல் ஏரியில் கூடும் பறவைகளின் எச்சம் பாசன நீரை உரமாக்குகிறது என்பதால்தான் அவ்வூர் மக்கள் தலைமுறைகளாக அவற்றைக் காத்தார்கள். 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து அதற்கு எழுத்துபூர்வ உரிமையும் பெற்றார்கள். வயலுக்கு நல்லது உலோகத்துக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எச்சம் உலோகத்தை அரிப்பது அதிலுள்ள அமிலத்தால் என்று பலரும் நினைக்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. யூரிக் அமிலம் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தைவிடவும் வலுக்குறைந்தது. சேதத்தின் பெரும்பங்கு வேறு இடத்தில் நடக்கிறது. விமானத்தின் தோல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் இயல்பில் மிகத் துடிப்பாக வினைபுரியும் உலோகம். ஆனால் காற்று பட்டவுடன் அதன் மேல் ஓர் ஆக்சைடு படலம் உண்டாகி உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கு தடிமன்தான் அந்தப் படலம். அமிலம் மிகுந்தாலும் அது கரையும், காரம் மிகுந்தாலும் கரையும்; இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலையில் மட்டுமே உறுதியாக நிற்கும். புதிய எச்சம் ஒரு பக்கம் இழுக்கிறது. சில நாட்களில் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக்கும்போது மறுபக்கம் இழுக்கிறது. இது போதாதென்று, வலுவுக்காக விமான அலுமினியத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு செம்பு சேர்க்கப்பட்டிருக்கும். 1906 வாக்கில் ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வில்ம் கண்டறிந்த டூராலுமின் குடும்பத்தைச் சேர்ந்த கலவைகள் இவை. செம்பு வலுவைத் தரும். அரிமானத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கும். இதைச் சரிக்கட்டத் தூய அலுமினியத்தை மெல்லிய மேலுறையாக ஒட்டும் முறை 1920-களின் இறுதியில் வந்தது. அந்த மேலுறை ஓரிடத்தில் துளைபட்டுவிட்டால் அதன் காப்பும் அங்கே தளரத் தொடங்குகிறது.

இங்கே மரக்காணம் கடற்கரை கதைக்குள் வருகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகளாகி எல்லாப் பரப்பிலும் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கை எட்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 பங்கு ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கும். உப்பளத் தொழிலாளர்களுக்கு இது நன்கு தெரிந்த செய்தி. உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிடாமல் விட்டால், அள்ளிய உப்பு கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் கசிவுக்குக் காரணமான மெக்னீசிய உப்புதான் விமானத்தின் தோல்மேலும் படிகிறது. ஆகவே இந்தக் கரையில் உலோகப் பரப்பு கண்ணுக்கு உலர்ந்து தெரிந்தாலும் வேதியியல் கணக்கில் உலர்வதே இல்லை. எச்சம் விழுந்த இடத்தில் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பொருக்கு ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்கிறது; அடியில் ஆக்சிஜன் போய்ச் சேராமலும் மறைக்கிறது. ஆக்சிஜன் குறைந்த இடமும் நிறைந்த இடமும் ஒரே உலோகத்தில் அருகருகே இருந்தால் இரண்டுக்கும் இடையே மின்னோட்டம் பிறக்கும். குறைந்த இடம் அரிபடும்.

இது எப்படித் தெரியும்? கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் 1920-களில் செய்த சோதனை இன்றும் பள்ளி ஆய்வகத்தில் செய்யக்கூடிய அளவு எளியது. தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டில் ஒரு துளி உப்புநீர் விட வேண்டும். இரும்பு கரையும் இடத்தில் நீலமாகவும், காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகவும் மாறும் இரு வேதிப்பொருள்களை அந்தத் துளியில் கலந்திருக்க வேண்டும். சிறிது நேரத்தில், காற்று எளிதில் எட்டும் துளியின் விளிம்பு சிவக்கும். காற்று எட்டாத நடுப்பகுதி நீலமாகும். உலோகம் அரிபடுவது காற்று படும் ஓரத்தில் அல்ல, மறைந்த நடுவில் என்பது கண்முன்னே தெரிந்துவிடும். அலுமினியத்தில் விவரங்கள் வேறுபடும். அங்கே உப்பிலுள்ள குளோரைடு, ஆக்சைடு படலத்தை ஓரிடத்தில் உடைத்து ஊசித்துளை போல் உள்ளே தோண்டும். இதைக் குழி அரிமானம் என்கிறோம். ஆனால் மூடிய இடமே முதலில் கெடும் என்ற அடிப்படை ஒன்றுதான். இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. மழை படும் மேற்பரப்பைவிட மழை படாத அடிவயிறும் சக்கரக் குழியும்தான் அதிக ஆபத்தில் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கும் இந்தக் கரையில், மேற்பரப்பைக்கூடப் பல மாதங்கள் வானம் கழுவித் தருவதில்லை.

வண்ணப்பூச்சு இருக்கிறதே, அது காக்காதா என்று கேட்கலாம். பூச்சும் எச்சத்துக்கு இரையாவதுதான். ஈரானிய ஆய்வாளர்கள் 2009 வாக்கில் கார்களின் மேற்பூச்சின் மீது பறவை எச்சத்தையும், அதற்கு மாற்றாகக் கணையத்தின் செரிமான நொதிகள் கலந்த பொருளையும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்த வகைச் சேதத்தையே உண்டாக்கின. பறவையின் குடலிலிருந்து எச்சத்தோடு வெளியேறும் நொதிகள் பூச்சின் நெடிய மூலக்கூறுகளை நீரின் துணையோடு வெட்டுகின்றன என்பது அவர்கள் முடிவு. வெயிலில் பூச்சு இளகியிருக்கும்போது இந்த வேலை விரைவாக நடக்கிறது. அமிலத்தை மட்டும் குற்றம் சொல்லி அதற்குச் சமன்பொருள் தேடுவது ஏன் பயன்படாது என்பதற்கு இது சான்று. பூச்சு வெடித்த இடத்தில் உப்பு நுழைகிறது. உப்பு நுழைந்த இடத்தில் பூச்சுக்கு அடியில் அரிமானம் பரவுகிறது.

இனி பறவையின் பக்கம் வருவோம். மாடப்புறாவின் காட்டு மூதாதை பாறை இடுக்குகளில் கூடு கட்டிய பறவை. அதற்குக் கோயில் கோபுரமும் அடுக்குமாடியின் சன்னல் மேடையும் விமானத்தின் சக்கரக் குழியும் பாறை இடுக்குகளே. மைனாவும் சிட்டும் பொந்து தேடுபவை. எஞ்சினின் புகைபோக்கி, இறக்கையின் நகரும் மடல்களுக்கு இடையே உள்ள சந்து, கழன்று விழுந்த மூடியின் துளை எல்லாம் அவற்றுக்கு மரப்பொந்து. காகத்துக்கும் கரும்பருந்துக்கும் வேண்டியது உயரமான, சுற்றுமுற்றும் பார்க்க வசதியான உட்காருமிடம். விமானத்தின் வால் அதைச் சரியாகத் தருகிறது. ஆக பறவைகளின் கண்ணில் அங்கே விமானம் எதுவும் இல்லை. இடுக்கும் பொந்தும் கிளையும் மட்டுமே உள்ளன. மைதானத்தில் பார்வையாளர்கள் கொட்டும் தின்பண்டமும் திறந்த குப்பைத்தொட்டியும் சேர்ந்துவிட்டால் வீடும் சாப்பாடும் ஓரிடத்தில் அமைந்துவிடுகின்றன.

அப்படி வந்த பறவையை அச்சுறுத்தி அனுப்பலாமே? இந்த இடத்தில்தான் தொடக்கத்தில் கேட்ட புதிருக்கு விடை இருக்கிறது. ரயில் பாதையோரம் குடிவந்தவர் முதல் வாரம் ஒவ்வொரு வண்டிக்கும் விழித்துக்கொள்வார். பிறகு அதே சத்தத்தில் நிம்மதியாகத் தூங்குவார். தீங்கும் நன்மையும் தராத தூண்டல் திரும்பத் திரும்ப வந்தால் உயிரினம் அதற்கு எதிர்வினை காட்டுவதை நிறுத்திவிடுகிறது. இதைப் பழகிப்போதல் என்போம். சோர்வினாலோ புலன் மங்கியதாலோ அப்படி நிற்கிறது என்று ஏன் சொல்லக்கூடாது? 1966-இல் ரிச்சர்ட் தாம்ஸனும் வில்லியம் ஸ்பென்சரும் இதைப் பிரித்தறியும் அளவுகோல்களை வகுத்தார்கள். பழகிப்போன விலங்குக்குப் புதிதாக வேறொரு வலுவான தூண்டலைக் கொடுங்கள். உடனே பழைய தூண்டலுக்கும் எதிர்வினை திரும்பி வருகிறது. தசை சோர்ந்திருந்தால், காது மங்கியிருந்தால் அப்படித் திரும்ப முடியாது. கடல்முயல் எனப்படும் ஓடில்லா நத்தையை வைத்து எரிக் கேண்டல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார். மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுக்கும் அந்த உயிரி, தொடுதல் தொடரத் தொடர இழுப்பதைக் குறைக்கிறது. தொடுதலை உணரும் நரம்பணு அடுத்த நரம்பணுவுக்கு அனுப்பும் வேதிப்பொருளின் அளவே குறைகிறது என்று அவர் காட்டினார். நினைவைப் பற்றிய அவருடைய பணிக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. மிகச் சில நரம்பணுக்கள் கொண்ட நத்தைக்கே முடிகிற இந்தக் கல்வி காகத்துக்குக் கடினமா? பிளாஸ்டிக் ஆந்தை, மினுக்கும் நாடா, சுழலும் தகடு, மணிக்கொருமுறை வெடிக்கும் ஒலி ஆகிய அனைத்தும் இந்தச் சுவரில்தான் மோதி நிற்கின்றன.

எதற்குப் பறவை பழகிப்போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் 2006-இல் ஒரு குறிப்பிட்ட முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தார்கள். பின்னர் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காகங்கள் கூடிக் கத்தித் துரத்தின. ஆண்டுகள் கழிந்தும் மறக்கவில்லை. பிடிபடாத காகங்களும் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. தீங்கு மெய்யாக இருந்தால் அச்சம் நிலைக்கிறது. வெறும் மிரட்டலாக இருந்தால் கரைகிறது. ஓங்கிய கைக்குப் பின்னால் கல் வரலாம் என்று காகம் கற்றிருக்கிறது. வைக்கோல் பொம்மை ஒருநாளும் கல்லெறிந்ததில்லை. விமான நிலையங்களில் பழக்கிய வல்லூறைப் பறக்கவிடுவது பயன் தருவதற்கும் இதுவே காரணம். ஆனால் வல்லூறும் அதைப் பழக்கியவரும் தினமும் அங்கே இருக்க வேண்டும். ஓடுபாதைக்கு அந்தச் செலவு தகும். நகராட்சிப் பூங்காவில் நிற்கும் விமானத்துக்குத் தகாது.

சந்தையில் விற்கும் இரண்டு பொருள்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவற்றில் அடிப்படை அறிவியலே இடிக்கிறது. முதலாவது, மனிதருக்குக் கேட்காத மீயொலியை எழுப்பிப் பறவையை விரட்டுவதாகச் சொல்லும் கருவி. பறவை எதைக் கேட்கிறது என்பதை அறிய ஆய்வாளர்கள் ஒலி கேட்டால் மட்டும் ஒரு பொத்தானைக் கொத்தும்படி புறாவைப் பழக்குகிறார்கள். சரியாகக் கொத்தினால் தானியம். பிறகு ஒலியின் அதிர்வெண்ணை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். புறா கொத்துவதை நிறுத்தும் இடம் அதன் செவியின் எல்லை. அந்த எல்லை மனிதச் செவியின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸைவிட வெகுவாகக் குறைவு. நாய்க்கும் எலிக்கும் வௌவாலுக்கும் கேட்கும் மீயொலி பறவைக்குக் கேட்பதில்லை. கேட்காத சத்தம் எதையும் விரட்டாது. இரண்டாவது, மிளகாய்க் காரம் கலந்த பசை. அது பறவையை விரட்டாது என்பது, கிளி மிளகாயைக் கொறித்துத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு வியப்பாக இராது. காரத்தை நமக்கு எரிச்சலாக உணர்த்தும் புரதம் பறவைகளிடமும் இருக்கிறது. அது வெப்பத்துக்கு எதிர்வினை காட்டுகிறது, மிளகாயின் காப்சைசினுக்கு அநேகமாகக் காட்டுவதில்லை. கோழியின் புரதத்தை வைத்து 2002-இல் ஸ்வென்-எரிக் ஜோர்ட்டும் டேவிட் ஜூலியஸும் இதை நிறுவினார்கள். ஜூலியஸ் பின்னர் 2021-இல் நோபல் பரிசு பெற்றவர். மிளகாய்ச் செடிக்கு இதனால் ஆதாயம்: விதையை மென்று அழிக்கும் எலி விலகிப்போகும், முழுதாக விழுங்கித் தொலைவில் போடும் பறவை வரும்.

பறவை உட்காராமல் தடுக்க ஒட்டும் விரட்டுமுள் பட்டைகள் பயன்படும், ஆனால் ஓரளவுக்கே. நெதர்லாந்தின் ஆவுகே-ஃபுளோரியன் ஹீம்ஸ்ட்ரா குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, காகக் குடும்பப் பறவைகள் கட்டடங்களில் ஒட்டியிருந்த அதே விரட்டுமுள் பட்டைகளைப் பிடுங்கிக் கூடு கட்டியிருப்பதைப் பதிவு செய்தது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் கிடைத்த ஒரு கூட்டில் ஏறத்தாழ 1,500 முட்கள் இருந்தன. நம்மைவிடப் பறவைகள் இந்தச் சிக்கலை நெடுநேரம் எண்ணிப் பார்க்கின்றன என்றே தோன்றுகிறது. நஞ்சு வைப்பதும் ஒட்டுப்பசை தடவுவதும் முற்றிலும் விலக்கப்பட வேண்டியவை. நஞ்சுண்ட புறாவைத் தின்னும் பருந்தும் ஆந்தையும் சாகும். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்ட பகுதி. அப்படிப்பட்ட கரையில் ஓர் உலோகத்தைக் காக்க உயிர்ச் சங்கிலியை அறுப்பது எந்த நியாயத்திலும் அடங்காது.

எஞ்சுவது இடமறுப்பு. இந்தக் கரையின் பெண்கள் கருவாட்டின் மேல் பழைய மீன்வலையைப் போர்த்தும்போது செய்வது இதுதான். அதற்குக் காகத்தின் மனநிலை பற்றிய கவலையே வேண்டியதில்லை. பழகிப்போவதற்கு அங்கே எதுவும் இல்லை. வலைக்கு அப்பால் போக முடியாது என்பது முதல் நாளும் உண்மை, ஆயிரமாவது நாளும் உண்மை. விமானத்தில் இதன் பொருள் என்ன? எஞ்சினின் முன்வாயையும் புகைபோக்கியையும் அளவெடுத்துச் செய்த அடைப்பால் மூட வேண்டும். கறுப்புப் பூச்சு அடித்துச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தினால் பார்வையாளருக்கு இயல்பான நிழலாகவே தெரியும். சக்கரக் குழிகளுக்கு வலை. கண்ணியின் அளவு முக்கியம்: சிட்டைத் தடுக்க 19 மில்லிமீட்டர், மைனா அளவுப் பறவைக்கு 28, புறாவுக்கு 50 போதும். சிட்டும் வரும் இடத்தில் 19-க்கு மேல் போகக்கூடாது. வலை தொய்யாமல் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். தொய்ந்த வலையில் பறவை சிக்கிச் சாகும். இறக்கை மடல்களை மூடிய நிலையிலேயே பூட்டிவிட்டால் சந்துகள் தாமாகவே மறையும். வாலின் மேல்விளிம்பில் சற்றே உயர்த்திக் கட்டிய மெல்லிய கம்பி, கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் படாது. இறங்க வரும் பறவைக்கு நிலையான பிடி கிடைக்காது. காட்சிக்காகப் புதிதாக அமைக்கும் பீடங்களின் விளிம்புகளை 45 பாகைக்கு மேல் சரிவாக்கிவிட்டால் அங்கே புறா நிற்க முடியாது. குப்பைத்தொட்டிகளுக்கு மூடி போடுவது எல்லாவற்றிலும் மலிவான வேலை.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் ஒன்று மிக நியாயமானது. எல்லாத் துளைகளையும் அடைத்தால் உள்ளே ஈரம் தேங்காதா? தேங்கும். பகலில் சூடேறிய உலோகக் கூடு இரவில் குளிரும்போது உட்சுவரில் நீர் வியர்க்கும். வெளியேற வழியில்லாத அந்த நீர், எச்சம் செய்யும் சேதத்தை உள்ளிருந்தே செய்யும். அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ராணுவ விமானக் கிடங்கில் ஆயிரக்கணக்கான விமானங்களின் திறப்புகளை வெள்ளைப் பூச்சால் மூடி வைக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டுவோர் உண்டு. அது வறண்ட பாலைவனம். இங்கே அதை அப்படியே செய்தால் கெடுதல்தான். இந்தக் கரையில் அடைப்பு என்பது காற்றுப் போகும், பறவை போகாத அடைப்பாக இருக்க வேண்டும்: துருப்பிடிக்காத எஃகு வலை, அடிவயிற்றில் திறந்த வடிகால் துளைகள், அவற்றிலும் சிறு வலைமூடி. எஃகும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டால் உப்பீரத்தில் அலுமினியம் அரிபடும் என்பதால் நடுவில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பட்டை வைக்க வேண்டும். கூரை போட்டுவிட்டால் எல்லாம் தீராதா என்பது அடுத்த கேள்வி. கூரை வெயிலையும் மழையையும் தடுக்கும், நல்லதுதான். ஆனால் பக்கச்சுவர் இல்லாத கூரையின் இரும்புச் சட்டங்களே புறாக்களுக்கு விருப்பமான இடம். அப்போது எச்சம் நேராக விமானத்தின் முதுகில் விழும், அதைக் கழுவ மழையும் இராது. சட்டங்களுக்குக் கீழே வலை இழுத்த பிறகே கூரை காப்பாகிறது. பறவைகள் வேறெங்கோ போய் அங்கே தொல்லை தருமே என்றும் கேட்கலாம். போகும், பெரும்பாலும் மரத்துக்கும் பாழடைந்த கட்டடத்துக்கும். அங்கே அவை இருப்பதில் நமக்கு இழப்பில்லை.

எவ்வளவு அடைத்தாலும் சில எச்சங்கள் விழத்தான் செய்யும். அவற்றை அகற்றும் முறையும் மேலே சொன்ன வேதியியலிலிருந்தே வருகிறது. உலர்ந்த பொருக்கைச் சுரண்டவோ உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. பூச்சில் கீறல் விழும். அதைவிட முக்கியமாக, புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை தூசியோடு நுரையீரலுக்குள் போகும். ஈரத்துணியைச் சற்று நேரம் மேலே போட்டு ஊறவைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, நல்ல நீரும் மென்மையான சோப்பும் கொண்டு துடைக்க வேண்டும். சலவைச் சோடா வேண்டாம், கழிப்பறை அமிலமும் வேண்டாம். ஒன்று காரப் பக்கமும் மற்றொன்று அமிலப் பக்கமும் ஆக்சைடு படலத்தைக் கரைத்துவிடும். இந்தக் கரையின் ஆழ்துளைக் கிணறுகளில் உவர்நீர் ஏறியிருக்கும் இடங்களில் அந்த நீரால் கழுவுவது எச்சத்தை எடுத்து உப்பைப் பூசுவதாகும். கடைசி அலசலாவது நல்ல நீரில் இருக்க வேண்டும். மழை படாத அடிவயிற்றுக்கும் சக்கரக் குழிக்கும் இந்த அலசல் முதலில் போய்ச் சேர வேண்டும்.

ஓய்வுபெற்ற விமானம் ஒன்றைக் கேட்டுப் பெறும் கல்லூரியும் நகராட்சியும் அதைக் கொண்டுவந்து நிறுத்தவும் பீடம் கட்டவும் திறப்புவிழா நடத்தவும் பணம் ஒதுக்குகின்றன. அந்தப் பட்டியலிலேயே எஃகு வலைக்கும் அடைப்புகளுக்கும் ஒரு நல்ல நீர்க் குழாய்க்கும் மாதம் இருமுறை ஏணி வைத்து ஏறிப் பார்க்கும் ஓர் ஆளுக்கும் ஒதுக்கீடு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். ஏற்கெனவே நிற்கும் விமானத்துக்கு இப்போது வலை அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடைப்பதற்கு முன் ஒவ்வொரு துளைக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் அவை பறந்து வெளியேறும் வரை சில வாரங்கள் பொறுங்கள். அதன்பிறகு கூட்டை எடுத்துவிட்டு மூடுங்கள்.